மூலையில் உதிக்கும் சூரியன்

கோடிங் எழுதுகிறவர்களுக்கு 'எட்ஜ் கேஸ்' என்றாலே வயிற்றைக் கலக்கும். நடுவில் எல்லாம் ஒழுங்காக ஓடும், ஓரத்தில்தான் உடையும். கிரேக்கச் சிற்பிகளுக்கும் அப்படி ஓர் ஓரம் இருந்தது. கோயில் முகப்பில், சரிந்த கூரைக்குக் கீழே வரும் முக்கோணம். நடுவில் தெய்வங்களை நிமிர்த்தி நிறுத்திவிடலாம். மூலைக்குப் போகப் போக உயரம் ஒன்றுமில்லாமல் ஆகிவிடுமே, அங்கே யாரை வைப்பது? ஒலிம்பியாவின் ஸீயஸ் கோயிலில் ஆட்களைப் படுக்க வைத்துச் சமாளித்தார்கள்.

ஏதென்ஸின் பார்த்தினானில், கி.மு. 438-432இல், வேறொன்று செய்தார்கள். கிழக்கு முக்கோணத்தின் கதை அதீனாவின் பிறப்பு. அதன் இடது மூலையில் சூரியதேவன் ஹீலியோஸ். முழு ஆள் இல்லை. கழுத்து, தோள், நீட்டிய கைகள், அவ்வளவுதான். மற்றதெல்லாம் கடலுக்கு அடியில். முன்னால் அவன் குதிரைகளின் தலைகள் நீரைக் கிழித்து எழுகின்றன. வலது மூலையில் நிலவுதேவி செலினியின் தேர் இறங்குகிறது. அதாவது, முக்கோணத்தின் தரையையே தொடுவானமாக்கிவிட்டார்கள். இடமில்லை என்கிற பிரச்சினையே போச்சு! கூடவே நேரமும் சொல்லியாயிற்று: அதீனா பிறந்தது விடியும் வேளையில்.

செலினியின் குதிரையைப் பாருங்க. ராத்திரி முழுக்க ஓடிய களைப்பு. கண் பிதுங்கி, வாய் திறந்து, தாடை விளிம்பைத் தாண்டித் தொங்கும்.

இத்தனைக்கும் ஏதென்ஸில் ஹீலியோஸுக்குப் பெரிய வழிபாடு கிடையாது. சூரியனும் நிலவும் அந்நியர்கள் கும்பிடும் தெய்வங்கள் என்று அரிஸ்டோஃபனீஸ் நாடகத்தில் கிண்டலே வருகிறது. அவனைக் கொண்டாடியது ரோட்ஸ் தீவு. இங்கே அடுத்தவர் வீட்டு விசேஷத்தில் அவனுக்குக் கடிகார வேலை. பின்னால் ட்ராயின் அதீனா கோயிலில் கதிர்முடியும் நான்கு குதிரைகளுமாக முழுசாகவே வருகிறான். 1872இல் ஷ்லீமன் தோண்டியெடுத்த அந்தப் பலகை இப்போது பெர்லினில். அழகுதான். ஆனா எனக்கு மூலைச் சூரியன்தான்.

அந்தச் சூரியன் இப்போது அந்த மூலையில் இல்லை. 1801இலிருந்து எல்ஜின் பிரபுவின் ஆட்கள் சிற்பங்களைக் கழற்றினார்கள். 1816இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவற்றை விலைக்கு வாங்கியது. ஹீலியோஸும் இரண்டு குதிரைகளும் லண்டனில், மற்ற இரண்டு குதிரைகள் ஏதென்ஸில். செலினியின் உடல் ஏதென்ஸில், அவள் குதிரையின் தலை லண்டனில். ஹீலியோஸின் தலை எங்குமே மிஞ்சவில்லை. வாங்கியது சட்டப்படிதானா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். தேர் ஒன்று, குதிரை நான்கு. அதைப் பாதியாகப் பிரித்தது எந்தக் கணக்கு?

கோயிலின் அந்த மூலையில் இன்று இருப்பது வார்ப்பு நகல். கிழக்கு பார்த்த முகப்பு என்பதால், காலை வெயில் நேராக அதன்மேல்தான் விழுகிறது.