எழுத்து அசையத் தொடங்கிய வரலாறு

ஏடு தொடக்கும் நாளில், தட்டிற் பரப்பிய அரிசியின்மேல் பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுதுவிக்கின்றோம். அங்கு முதலில் நிகழ்வது அசைவு. உருவம் அதன் பின்னரே தோன்றுகின்றது. அச்சுப் புத்தகத்திலோ உருவம் மட்டுமே உண்டு. அவ்வெழுத்தை மீண்டும் அசையச் செய்யும் வித்தையைத் தற்போது எம்மவரிற் பலர், பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் பொருட்டுக் கணனியிற் பயின்று வருகின்றனர். அதன் வரலாறு நாம் அறியத்தக்கது.

திரையில் எழுத்தை நடிக்க வைத்தோருள் முதன்மையாகப் பேசப்படுபவர் அமெரிக்கரான சோல் பாஸ். ஹிட்ச்கொக்கின் 'நோர்த் பை நோர்த்வெஸ்ற்' (1959) படத்தின் தொடக்கத்தில், நடிகர்களின் பெயர்கள் உயர்ந்த கட்டடமொன்றின் கோடுகள் வழியே ஏறியும் இறங்கியும் செல்வதை வாசகர் சிலர் கண்டிருக்கலாம். திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 படங்கள். கணனி வருமுன் ஒவ்வொரு சிறு நகர்வையும் தனித்தனியே படம்பிடிக்க வேண்டியிருந்தது.

அவருடைய 'வேர்ட்டிகோ' (1958) தலைப்புக் காட்சிக்குச் சுழலும் வடிவங்களை ஆக்கியளித்தவர் ஜோன் விற்னி. இவர் செய்த காரியம் வியப்புக்குரியது. இரண்டாம் உலகப் போரில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளைக் குறிபார்க்கப் பயன்பட்ட பொறிமுறைக் கணிப்பானொன்றைப் போருக்குப்பின் வாங்கி, அதனைச் சித்திரம் அசைக்கும் இயந்திரமாக மாற்றினார். வானூர்தி அடுத்துச் செல்லுமிடத்தைக் கணித்த அதே பற்சக்கரங்கள், 'கற்றலொக்' (1961) என்னும் அவரது குறும்படத்தில் ஒளிக்கோலங்களைச் சுழற்றின. வானூர்தியின் இரைச்சல் கேட்டுப் பதுங்கு குழிக்குள் இறங்கிய எமக்கு, இச்செய்தி பிறரினும் சற்று ஆழமாகவே படும்.

ஆயினும், இன்றைய மென்பொருள்களின் அடிப்படை முறை முதிர்ந்த களங்களுள் ஒன்று கனடாவின் தலைநகரான ஒட்டாவா. அங்குள்ள தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த நெஸ்ரர் பேர்ட்னிக், 1969இல் டிஸ்னி நிறுவன ஓவியர் ஒருவரின் உரையைக் கேட்டார். தலைமை ஓவியர் முக்கிய நிலைகளை மட்டும் வரைவார். இடைப்பட்ட படங்களை உதவியாளர் வரைவர் என்பது அவ்வுரையின் செய்தி. அவ்வுதவியாளரின் வேலையைக் கணனியிடம் ஒப்படைத்தால் என்ன என்று பேர்ட்னிக் எண்ணினார். மார்செலி வெய்ன் என்பவருடன் இணைந்து அதனைச் செய்தும் காட்டினார். இரண்டு விநாடி அசைவுக்கு 48 படங்கள் வேண்டும்; மனிதர் முதலாவதையும் இறுதியையும் கொடுக்க, எஞ்சிய 46ஐயும் இயந்திரம் கணித்து வரையும். இம்முறையில் பீற்றர் ஃபோல்டெஸ் ஆக்கிய 'பசி' (1974) என்னும் குறும்படம் கான் விழாவிற் பரிசு பெற்றது. 1997இல் ஒஸ்கார் அமைப்பு அவ்விரு அறிஞரையும் தொழில்நுட்ப விருதளித்துக் கௌரவித்தது.

பின்னர் இவ்வசதி வீட்டுக் கணனிக்கும் வந்தது. 'ஆஃப்டர் எஃபெக்ற்ஸ்' 1993இல் வெளியாயிற்று. 1996இல் தோன்றிய மற்றொரு மென்பொருள் 'ஃபிளாஷ்' என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. 2020ஆம் ஆண்டின் இறுதியுடன் அதன் இயக்கிக்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. அதில் ஆக்கிய பாடங்களை வேறு வடிவில் சேமித்து வைக்காதோர் பாடு திண்டாட்டமே.

தமிழ் எழுத்தை அசைக்க முற்படுவோர் ஓர் இடர்ப்பாட்டைச் சந்திப்பர். 'கொ' நமக்கு ஓர் எழுத்து. பழைய எழுத்துருக்களில் அது கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகள். யூனிக்கோட்டில் இரு குறியீடுகள். குறியீடு ஒவ்வொன்றையும் ஓர் எழுத்தெனக் கொள்ளும் மென்பொருள், கொம்பை ஒரு திசையிலும் காலை மறுதிசையிலும் பறக்க விடும்! சொல்லை உருவமாக மாற்றி, எழுத்தெழுத்தாக நாமே பிரித்து அடுக்கிய பின் அசைப்பதே இதற்கு மாற்று.

மற்றொன்று இதனினும் பெரிது. கணனி எழுத்தின் வெளிக்கோட்டை அறியும். அதனை எழுதும் கையை அறியாது. முதற்படமாக வெறுந்திரையையும் இறுதிப்படமாக 'ஞ'வையும் கொடுத்தால், அவ்வெழுத்து மங்கலாகத் தோன்றித் தெளியுமேயன்றி எழுதப்படமாட்டாது. எங்கே தொடங்கி, எங்கே சுழித்து, எங்கே கையை எடுப்பது என்ற பாதையை ஒருவர் வரைந்து கொடுத்தாக வேண்டும். அப்பாதையின் வழியே எழுத்தை மறைத்திருக்கும் திரையைச் சிறிது சிறிதாக விலக்கினால், பிள்ளையின் கண்முன் 'ஞ' எழுதப்படும். மென்பொருளை இயக்க எம் இளையோர் உளர். பாதையை வரைந்து கொடுக்கவேண்டியவர்கள், கரும்பலகையில் எழுதிப் பழகிய கைகளையுடைய எம் தலைமுறையினர்.