கணுக்காலில் கட்டும் ஈயம்: குளிர்கடல் சுழியோடிகளுக்கு ஒரு விளக்கம்

மன்னார்க் கரையில் வளர்ந்து, இப்போது நோர்வேயில் வாழும் நண்பர் ஒருவர் அங்கே உலர் உடை அணிந்து சுழியோடப் பழகுகிறார். கூடப் பழகும் சிலர் கணுக்காலில் ஈயப் பட்டி கட்டுகிறார்களாம். பயிற்றுநர் அது வேண்டாம் என்கிறாராம். யார் சொல்வது சரி என்று என்னிடம் கேட்டார். வடக்கின் கடற்றொழில் பற்றி எழுதுபவன் என்பதால் எனக்கு இது தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை. தேடியும் கேட்டும் அறிந்ததை, புலம்பெயர்ந்த நாடுகளில் கடலில் இறங்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கேள்வி சிறியது. ஆனால் கால் எழும்பிவிட்டால் சுழியோடி தலைகீழாக மேற்பரப்புக்கு இழுத்துச் செல்லப்படலாம். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வருவது ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை, சங்கும் கடலட்டையும் எடுக்கப் போகும் எங்கள் குடும்பங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

உலர் உடை எப்படி வேலை செய்கிறது

நீர், வளியைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடலின் சூட்டைக் கடத்தும். எங்கள் கடலில் ஒரு ரீசேட்டுடன் இறங்கலாம். நோர்வே, ஸ்கொட்லாந்து, கனடா போன்ற நாடுகளின் குளிர்ந்த கடலில் அது நடவாது. அங்கே பலர் உலர் உடை அணிகிறார்கள். கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான ரப்பர் அல்லது சிலிக்கன் பட்டிகளும், நீர் புகாத சிப்பும் கொண்ட முழு உடை அது. உள்ளே தடித்த உடுப்பு ஒன்று அணிவார்கள். அந்த உடுப்பு பிடித்துவைத்திருக்கும் வளிதான் உடலைச் சூடாக வைத்திருக்கிறது.

அதே வளிதான் சிக்கலையும் தருகிறது. 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இரண்டு மடங்காகிறது, உடைக்குள் இருக்கும் வளியின் கனவளவு பாதியாகிறது. 30 மீற்றரில் அது கால்வாசி. உடை உடலை நெரிக்காமல் இருக்க, இறங்கும்போது நெஞ்சிலுள்ள வால்வினூடாகச் சிலிண்டரிலிருந்து வளி விட வேண்டும். ஏறும்போது அது விரியும். அப்போது வழக்கமாக இடது மேற்கையில் இருக்கும் வால்வினூடாக அதை வெளியேற்ற வேண்டும். ஆக, உலர் உடை அணிந்தவர் முதுகிலுள்ள மிதப்புச் சட்டையின் வளியோடு, உடம்பெல்லாம் நகரக்கூடிய இன்னொரு வளிக் குமிழையும் சுமக்கிறார்.

வளி காலுக்குப் போனால்

நீருக்குள் வளி எப்போதும் உயரமான இடத்துக்கே போகும். நிமிர்ந்து நின்றால் தோளுக்கு வரும். தலை தாழ்ந்து கால் உயர்ந்தால் முழுவதும் காலுக்கு ஓடும். கால் இன்னும் உயரும், இன்னும் வளி சேரும். சப்பாத்துப் பகுதி பலூனாக ஊதி, துடுப்புக் கழன்று போவதும் உண்டு. வெளியேற்றும் வால்வு கையில் இருக்கிறது, வளியோ காலில் இருக்கிறது. ஆழம் குறையக் குறைய வளி விரிந்து ஏற்றம் வேகமெடுக்கும்.

மூச்சை அடக்கியபடி இவ்வாறு மேலே போனால் நுரையீரல் கிழியலாம். 10 மீற்றரிலிருந்து மேற்பரப்புக்கு வருவதற்குள் வளி இரண்டு மடங்காகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். இரத்தத்திலும் இழையங்களிலும் கரைந்திருந்த நைதரசன் குமிழ்களாக வெளிப்பட்டால் மூட்டு வலி முதல் இடுப்புக்குக் கீழ் இயங்காமை வரை ஏற்படலாம். நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாத வேகத்தில் ஏறுவதும், 5 மீற்றர் ஆழத்தில் 3 நிமிடம் தரிப்பதும் இதனால்தான் பயிற்சியில் வலியுறுத்தப்படுகின்றன.

ஈயப் பட்டி செய்வதும் செய்யாததும்

கணுக்கால் பட்டி என்பது ஈயக் குண்டுகள் நிரப்பிய சிறு பை. ஒரு காலுக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை இருக்கும். துலா மிதித்தவர்களுக்கு இதன் கணக்கு உடனே விளங்கும். அச்சிலிருந்து தள்ளிப் போகப் போக அதே பாரம் கூடுதலாக வேலை செய்யும். இடுப்பில் அரைக் கிலோ பெரிதாகத் தெரியாது. கணுக்காலில் அது காலைத் தாழ்த்திவிடும்.

ஆனால் அது வளியைக் குறைப்பதில்லை. காலுக்குள் வளி சேர்ந்த பிறகு அதை வெளியேற்றுவதும் இல்லை. மிதக்கும் காலைக் கொஞ்சம் கீழே வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு விலையும் உண்டு. ஒவ்வொரு முறை துடுப்பு அடிக்கும்போதும் அந்தப் பாரத்தைத் தூக்கி வீச வேண்டும். களைப்புக் கூடும், சிலிண்டரின் வளி விரைவாகத் தீரும். பாரம் அளவுக்கு மிஞ்சினால் கால் தொங்கி, உடல் சரிவாகி, அடியிலுள்ள சேறு கிளம்பும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்களும் காலில் பாரத்தோடுதான் இறங்கினார்கள். கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றி, அதன் வேகத்தில் அடிக்குப் போனார்கள். அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார்கள், தோணியில் இருப்பவர் அதை இழுத்தெடுப்பார். இறங்க உதவிய பாரம் ஏறும்போது கூட வருவதில்லை. கணுக்கால் பட்டி அப்படியல்ல. இடுப்புப் பட்டியை அவசரத்தில் ஒரு கையால் கழற்றி எறியலாம். தடித்த கையுறையோடு கணுக்காலைத் தொடுவதே கடினம். எனவே தேவையான பாரத்தில் மிகச் சிறிய பங்கை மட்டுமே அங்கே வைக்கலாம்.

கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

1. மொத்தப் பாரம் சரியா? அதிகம் ஈயம் கட்டினால் அதை ஈடுசெய்ய அதிகம் வளி விட வேண்டும். அந்த மேலதிக வளிதான் காலுக்கு ஓடும். 12 லீற்றர் சிலிண்டரில் 200 பார் அமுக்கத்திலுள்ள வளி மட்டும் ஏறத்தாழ 3 கிலோ. ஆகவே சிலிண்டர் 50 பாருக்கு இறங்கிய நிலையில், மிதப்புச் சட்டையை வெறுமையாக்கி, 5 மீற்றருக்குள் அசையாமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். உவர் நீருக்கும் நன்னீருக்கும் அளவு வேறுபடும். ஏரியில் பார்த்த அளவு கடலுக்குப் போதாது.

2. உடை அளவா? கால்பகுதி தொளதொளவென்று இருந்தால் வளிக்கு இடம் கூடுகிறது. முழங்காலுக்குக் கீழே சுற்றிக் கட்டும் இறுக்கு உறை பல வேளைகளில் ஈயத்தைவிட நல்ல தீர்வு. அது பாரத்தைக் கூட்டாமல் வளியின் இடத்தைக் குறைக்கிறது.

3. துடுப்பு எப்படிப்பட்டது? சில பிளாஸ்ரிக் துடுப்புகள் மிதக்கும், கனமான ரப்பர் துடுப்பு அமிழும். துடுப்பை மாற்றினாலே சிலருக்குக் கால் இறங்கிவிடும்.

4. சிலிண்டர் எங்கே இருக்கிறது? அதைப் பட்டியில் சற்றுக் கீழே இறக்கினால் பாரம் இடுப்புப் பக்கம் நகரும். அலுமினியச் சிலிண்டர் வெறுமையாகும்போது மிதக்கத் தொடங்கும் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

இவற்றைச் சரிசெய்த பின்னும், ஆழமற்ற நீரில் கிடையாக, துடுப்பு அடிக்காமல் இருக்கும்போது கால் தானாக எழும்பினால், ஒரு காலுக்கு அரைக் கிலோ கட்டிப் பார்க்கலாம். அந்த ஒரு கிலோவை இடுப்பிலிருந்து கழித்துவிட வேண்டும், மேலதிகமாகச் சேர்க்கக் கூடாது. மாறாக, கால் தானாகத் தாழ்ந்தால் பட்டி உங்களுக்குத் தேவையில்லை. நண்பருக்கும் நான் சொன்ன பதில் இதுதான். பயிற்றுநர் சொல்வது தொடக்கத்துக்குச் சரி. மற்றவர்கள் கட்டுவது அவரவர் உடலையும் உடையையும் பொறுத்தது.

கால் இழந்தவர்களுக்கு

போரில் கால் இழந்த எம்மவர்கள் பல நாடுகளில் வாழ்கிறார்கள். கால் இழந்தவர் சுழியோட முடியுமா என்றால், முடியும். உலகில் பலர் செய்கிறார்கள். மருத்துவரின் அனுமதியும், இதில் அனுபவமுள்ள பயிற்றுநரும் கட்டாயம். பாரத்தின் கணக்கு மட்டும் முற்றாக வேறு. ஒரு பக்கம் கால் இல்லாதபோது உடல் உருளப் பார்க்கும். அதைத் தடுக்கப் பாரத்தை இடமும் வலமும் வெவ்வேறாகப் பங்கிட வேண்டும். உலர் உடையின் வெறுமையான கால்பகுதி வளி சேரும் பையாகிவிடும் என்பதால், அதை உடலின் அளவுக்கு வெட்டி மூடித் தைப்பிக்க வேண்டும். செயற்கைக் காலோடு இறங்குவதானால், அது மிதக்குமா அமிழுமா என்பதை முதலில் தடாகத்தில் பார்த்துவிட வேண்டும்.

கால் எழும்பிவிட்டால்

பட்டி கட்டியவரும் கட்டாதவரும் பழக வேண்டிய பயிற்சி ஒன்று உண்டு. உடைக்கு வளி விடுவதை உடனே நிறுத்துங்கள். மூச்சை அடக்காதீர்கள். முழங்காலை நெஞ்சோடு மடக்கிச் சுருண்டு, குட்டிக்கரணம் போடுவதுபோலப் புரண்டு தலையை மேலே கொண்டுவாருங்கள். வளி தோளுக்கு வந்ததும் இடது கையைச் சற்று உயர்த்தி வால்வைத் திறந்து வெளியேற்றுங்கள். இதைத் தாமதமின்றிச் செய்ய வேண்டும், மேற்பரப்பை நெருங்க நெருங்க வளி வேகமாக விரியும். பயிற்றுநரின் முன்னிலையில், தடாகத்தில், உடம்புக்குப் பழகும்வரை திரும்பத் திரும்பச் செய்து பார்த்த பின்னரே ஆழத்துக்குப் போங்கள்.