நாங்குநேரி வட்டாரப் பத்திர வழக்கில் ஆங்கிலச் சொற்கள்

நிலப்பதிவு, வழக்கு, கொடுக்கல் வாங்கல் ஆகியவற்றில் தமிழோடு கலந்து புழங்கும் ஆங்கிலச் சட்டச் சொற்கள். நாங்குநேரி, திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு தாலுகாவின் தலைமையிடம். சார்பதிவாளர் அலுவலகமும் நீதிமன்றமும் இங்கே இருப்பதால் சுற்றுக் கிராமத்தார் இச்சொற்களை நேருக்கு நேர் சந்திக்கும் இடம் இதுதான்.

ஜாமீன், வாய்தா, ஜப்தி முதலியவை அரபு, பாரசீக, உருது வழியில் முன்பே வந்தவை. டிகிரி, அப்பீல், ஸ்டே, புரோநோட்டு ஆகியவை ஆங்கிலேயர் கால நீதிமன்றங்களோடு நுழைந்தன. உயில் என்பதும் ஆங்கிலந்தான். யாரும் இன்று அப்படி நினைப்பதில்லை. பத்திரம் எழுதுபவர் 'சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று பழைய நடையில் முடித்துவிட்டு, தபசிலில் 'டாக்குமெண்ட் நம்பர்' என்று சேர்ப்பார். இரண்டும் அங்கே உறுத்தாமல் கிடக்கும்.

தொல்லை தருவது சொல்லின் ஒலியன்று, அதன் விளைவு. செட்டில்மெண்டு எழுதிப் பதிந்து, பெறுபவர் ஏற்றுக்கொண்டால் சொத்து அப்போதே கைமாறிவிடும். மனம் மாறினாலும் தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது. உயிலோ எழுதியவர் காலத்துக்குப் பின்னரே செல்லும். உயிரோடிருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், பதிவு கட்டாயமில்லை. 'எனக்குப் பிறகு மகனுக்கு' என்று எண்ணிக்கொண்டு செட்டில்மெண்டில் கையெழுத்திடும் முதியவர் எதை இழக்கிறார் என்பது இதிலிருந்து விளங்கும். பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு சொத்தைப் பெற்றவர் கைவிட்டால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆவது பிரிவு எழுதிக்கொடுத்த முதியவருக்குத் துணைக்கு வரும். பத்திரத்தில் அந்த நிபந்தனையை எழுதி வைப்பதே பாதுகாப்பு. அக்ரிமெண்டு போட்டு அட்வான்ஸ் கொடுத்தவரும் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்கிறது 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆவது பிரிவு. பவர் பத்திரம் செயல்படும் அதிகாரத்தை மட்டும் தருகிறது. கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அதுவும் முடிந்துபோகும்.

வணிகத்தில் அதிகம் அடிபடுவது 'செக் ரிட்டன்', அதாவது காசோலை பணமாகாமல் திரும்புவது. வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால்தான் வழக்கு. நாங்குநேரி சிறப்புப் பொருளாதார மண்டலத்தை ஒட்டி 'லீஸ்' (குத்தகை) என்ற சொல்லும் புழங்குகிறது. இத்தகைய மண்டலங்களில் டெவலப்பர் நிலத்தை விற்க 2006ஆம் ஆண்டு விதிகள் இடமளிப்பதில்லை.

கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்குத் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தின் 1976ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. உயர் நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டுமெனச் சட்டமன்றம் 2006 டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது. ஆயினும் இவ்வட்டார அப்பீல்கள் சென்று சேரும் மதுரைக் கிளையின் அலுவல் மொழி ஆங்கிலமே.