இணையவழி விற்பனையாளர் வரிக் கடமை (மலையகம், நோர்வூட்)

முகநூல் பக்கம், வட்ஸ்அப் குழு, டராஸ் போன்ற சந்தைத் தளம் ஆகியவற்றின் வழியாகப் பொருள் விற்பவர் அரசுக்கும் உள்ளூராட்சி மன்றத்துக்கும் செலுத்த வேண்டிய வரிகள் இத்தலைப்பில் அடங்கும். இலங்கையில் இணைய வியாபாரிக்கெனத் தனி வரி கிடையாது. கடை வைத்திருப்பவரைக் கட்டுப்படுத்தும் சட்டமே கடையில்லாதவரையும் கட்டுப்படுத்துகிறது. நுவரெலியா மாவட்டத்தில், அட்டனிலிருந்து பொகவந்தலாவை செல்லும் பாதையிலுள்ள நோர்வூட்டில், லயத்துக் காம்பராவில் இருந்துகொண்டு சுடிதார் துணியையும் தேயிலைத்தூள் பக்கெற்றையும் பார்சல் கட்டி கூரியரில் போடுபவரும் சட்டத்தின் கண்ணில் ஒரு வியாபாரியே.

வரலாறு

மலைநாட்டில் விற்பவர் மீது வரி விழுந்த கதை கோப்பிக் காலத்திலேயே தொடங்குகிறது. ஆளுநர் டொரிங்டன் பிரபு 1848இல் துப்பாக்கி, நாய், வண்டி, கடை என்று கண்ணில் பட்டவற்றுக்கெல்லாம் அனுமதிக் கட்டணம் விதித்தார். அதே ஆண்டு வந்த வீதிச் சட்டம், ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இயலாவிட்டால் அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும் என்றது. அந்த வீதிகளால் முதலில் பயனடைந்தவர்கள் தோட்டத்துரைமாரே. இந்த வரிகளுக்கு எதிராக மாத்தளைக் கிளர்ச்சி அந்த ஆண்டு ஜூலையில் வெடித்தது.

வருமான வரி வருவதற்கு இன்னும் எண்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின. உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை, இறப்பர் விலைகள் சரிந்து சுங்க வருமானம் வற்றிய நிலையில், 1932ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வருமான வரிக் கட்டளைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கலஸ் கால்டோரின் ஆலோசனைப்படி 1959இல் செலவு வரி, செல்வ வரி, நன்கொடை வரி என்பன சேர்ந்தன. மனிதர் சம்பாதிப்பதை விட்டுவிட்டுச் செலவழிப்பதன் மீது வரி போடும் இந்த ஏற்பாட்டை உலகில் முயன்று பார்த்த நாடுகள் இந்தியாவும் இலங்கையுமே. இரண்டும் சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டன. இலங்கை எழுபதுகளில் ஒருமுறை திரும்ப எடுத்து மறுபடியும் விட்டது.

விற்பனை வரியின் வேர் 1963இன் நிதிச் சட்டம் கொண்டுவந்த வியாபாரப் புரள்வு வரியில் இருக்கிறது. இலாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் விற்ற தொகை மீது விழும் வரி அது. 1981இல் இதற்குத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1987இன் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம், மொத்த, சில்லறை விற்பனை மீதான புரள்வு வரியை, பாராளுமன்றம் வகுக்கும் எல்லைக்குள், மாகாண சபைகளிடம் ஒப்படைத்தது. கண்டியிலிருந்து இயங்கிய மத்திய மாகாண இறைவரித் திணைக்களத்துக்கு நோர்வூட் கடைக்காரர் வரி கட்டியது இந்த ஏற்பாட்டின்படியே. மத்திய அரசு 1998 ஏப்ரலில் பொருட்கள் சேவைகள் வரியையும், 2002 ஓகஸ்டில் பெறுமதி சேர் வரியையும் கொண்டுவந்தபோதும், மாகாணத்தின் பங்குக்குக் கைவைக்காமல் சில்லறை வியாபாரத்தை வெளியே விட்டிருந்தது.

அது நீடிக்கவில்லை. 2011 ஜனவரி முதலாம் திகதி மாகாணப் புரள்வு வரி ஒழிக்கப்பட்டது. ஈடாக, கொழும்பு வசூலிக்கும் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கு, முத்திரைத் தீர்வை முழுவதும், வாகனப் பதிவுக் கட்டணத்தில் 70 சதவீதம் மாகாணங்களுக்கு என்று உறுதியளிக்கப்பட்டது. வரி முறையை எளிமையாக்குவதாக அரசு சொன்னது. நடந்தது அதிகாரப் பறிப்பு. பங்கு கொடுப்பதாகச் சொன்ன அந்த வரியே 2019 டிசம்பரில் நீக்கப்பட்டுவிட்டது. பெறுமதி சேர் வரி 2013இல் பெருங்கடைகளையும் 2016இலிருந்து நடுத்தரக் கடைகளையும் எட்டியது. டராஸ் 2016இல் இலங்கைக்கு வந்தபோது மாகாணத்திடம் விற்பனை வரி என்று சொல்ல எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. அமெரிக்காவிலோ நிலைமை தலைகீழ்: 2018இல் தென் டகோட்டா எதிர் வேஃபெயார் வழக்கின் தீர்ப்பு, தன் எல்லைக்குள் கடையே இல்லாத இணைய வியாபாரியிடமும் மாநிலம் விற்பனை வரி கேட்கலாம் என்றது.

வருமான வரி

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் 2018 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. மதிப்பாண்டு ஏப்ரல் முதலாம் திகதி தொடங்கி மார்ச் 31இல் முடியும். 2025 ஏப்ரலிலிருந்து தனியாளின் ஆண்டு நிவாரணம் 18 இலட்சம் ரூபா. அதற்கு மேற்பட்ட முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம். பிறகு ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 18, 24, 30 என்று ஏறி, மிகுதிக்கு 36 சதவீதம்.

இணைய வியாபாரிகள் அதிகம் குழம்புவது விற்பனைக்கும் இலாபத்துக்கும் இடையில். ஆண்டுக்கு 60 இலட்சத்துக்குத் துணி விற்ற ஒருவருக்குக் கொள்முதல், கூரியர், தளத்தின் தரகு, திரும்பி வந்த பார்சல் எல்லாம் சேர்ந்து 36 இலட்சம் போனால் இலாபம் 24 இலட்சம். நிவாரணம் கழித்து மிஞ்சும் 6 இலட்சத்துக்கு வரி 36,000 ரூபா. செலவுக்கு பில் இல்லாவிட்டால் இந்தக் கணக்கு நிற்காது. கேஷ் ஒன் டெலிவரிப் பணத்தைக் கூரியர் நிறுவனம் வங்கிக் கணக்கில் போடுவதால் வரவு மட்டும் தெளிவாகப் பதிந்திருக்கும்.

வரியை ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே 15ஆம் திகதிகளில் தவணையாகக் கட்டி, விபரத்திரட்டை நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும். 2024இலிருந்து 18 வயதைத் தாண்டியவர்கள் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் பெற வேண்டும் என்பது விதி. இலக்கம் எடுத்தாலே வரி கட்ட வேண்டும் என்று தோட்டங்களில் பரவிய அச்சத்துக்கு ஆதாரமில்லை. 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் மாதம் 25 நாள் பேர் விழுந்திருந்தாலும் ஆண்டுக்கு 4,05,000 ரூபாதான் வந்திருக்கும்; அது 18 இலட்ச நிவாரணத்துக்கு மிகக் கீழே.

விற்பனை மீதான வரிகள்

பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். பதிவுக்கான விற்பனை எல்லை 2020இல் ஆண்டுக்கு 30 கோடியாகத் தாராளமாக உயர்த்தப்பட்டு, திறைசேரி காலியான பிறகு 2022 ஒக்டோபரில் 8 கோடியாகவும் 2024 ஜனவரியில் 6 கோடியாகவும் இறக்கப்பட்டது. சமூகப் பாதுகாப்பு உதவுதொகை அறவீடு 2.5 சதவீதம், 2024 ஜனவரியில் அதற்கும் எல்லை 6 கோடியானது. சில்லறை வியாபாரிக்கு விற்பனையில் பாதி மீது மட்டும் அது கணக்கிடப்படும். லயத்திலிருந்து பார்சல் அனுப்புபவர் இந்த எல்லையைத் தொடுவது அரிது.

பிரதேச சபை

அம்பகமுவ பிரதேச சபையைப் பிரித்து உருவான நோர்வூட் பிரதேச சபைக்கு 2018 பெப்ரவரியில் முதல் தேர்தல் நடந்தது. 1987இன் பிரதேச சபைகள் சட்டம் 152ஆம் பிரிவின்படி, முன்னாண்டு வரவு 1,50,000 ரூபாவைத் தாண்டிய தொழிலுக்கு ஆண்டு வரி உச்சம் 3,000 ரூபா. பொருளை வைத்துப் பார்சல் கட்டும் இடமே தொழில் நடக்கும் இடம் என்பதால், தளம் கொழும்பிலிருந்தாலும் வரி நோர்வூட்டுக்கே உரியது. வியாபாரப் பெயரைப் பதியப் போகும்போது இடத்துக்கான சான்று கேட்கப்படும். லயத்து அறைக்கு உறுதியில்லை. கடிதம்கூடப் பல தோட்டங்களில் தோட்டத்து ஒபிஸ் வழியாகவே வருகிறது. ஆகவே பலர் டவுனில் உள்ள உறவினர் கடையின் முகவரியைக் கொடுக்கிறார்கள்.

தற்போதைய நிலை

வெளிநாட்டுத் தளங்களின் டிஜிட்டல் சேவைக்குப் பெறுமதி சேர் வரி விதிக்க 2025இல் சட்டம் திருத்தப்பட்டது. 2025 ஒக்டோபர் 1 என்று குறித்த திகதி பின்னர் தள்ளிவைக்கப்பட்டது. பதிவுக்கான 6 கோடி விற்பனை எல்லையை 3.6 கோடியாகக் குறைக்க 2026 வரவுசெலவுத் திட்டம் முன்மொழிந்தது.