பத்து சென்ட் காசுகளில் ஒரு கலைக்கூடம்

1946இல் அண்ணல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பர்களின் நிலைக்கும் தீண்டப்படாதோரின் நிலைக்கும் ஒற்றுமை மிகுதி, எனவே அவர்கள் வரலாற்றை நாம் பயில்வது அவசியம் என்பது அக்கடிதத்தின் கருத்து. அந்த வரலாற்றிலிருந்து சிகாகோவின் கலைக்கூடம் ஒன்றை இந்த நினைவுரைக்கு எடுத்துக்கொள்கிறோம்.

சிகாகோவில் கறுப்பர்கள் விரும்பிய தெருவில் குடியேற முடியாது. அவர்களுக்கு விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை என்று வெள்ளை வீட்டுக்காரர்கள் பத்திரம் எழுதி வைத்திருந்தார்கள். அவற்றை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1948இல்தான். ஊரும் சேரியும் அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்த கலைஞர்களுக்கு ஊதியம் கொடுத்து, நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட கலைக்கூடங்களை அமெரிக்க அரசு நடத்தியது. சிகாகோவின் தென்பகுதிக் கூடத்துக்கு ஆசிரியர் சம்பளம் அரசுடையது. கட்டடம் மக்கள் பொறுப்பு. பத்து சென்ட் நாணயங்களை ஒரு மைல் நீளத்துக்குச் சேர்ப்பது என்று இயக்கம் கண்டார்கள். பின்னாளில் மார்கரெட் பரோஸ் என்று அறியப்பட்ட இளம் ஓவியர் தெருமுனையில் உண்டியல் ஏந்தி நின்றார். மிச்சிகன் அவென்யூவில் பழைய மாளிகை ஒன்றை வாங்கினார்கள். 1940 டிசம்பரில் கூடம் இயங்கத் தொடங்கியது. 1941 மே மாதம் அதிபரின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட் வந்து முறைப்படி திறந்து வைத்தார்.

பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் அங்கே ஓவிய வகுப்புகள் கட்டணமின்றி நடந்தன. கற்பித்தவர்களில் ஒருவர் சார்லஸ் வைட். இளமையில் இவர் வென்ற உதவித்தொகைகளை, கறுப்பர் என்று தெரிந்ததும் கலைப்பள்ளிகள் மறுத்திருந்தன. மறுக்கப்பட்டவரே ஆசிரியராக வந்தபோது, தூரிகை தங்களுக்கும் உரியது என்பதைப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அதே கூரையின் கீழ் 1941இல் கவிதைப் பட்டறை தொடங்கியது. நடத்தியவர் ஐனெஸ் ஸ்டார்க் என்ற செல்வந்த வெள்ளைப் பெண்மணி. அவர் புத்தகங்கள் கொண்டுவந்தார். ஆனால் ஒருவர் கவிதையை மற்றவர் தயவு தாட்சண்யமின்றி அலசியதே அங்கு நடந்த பெரிய கல்வி. அந்த வட்டத்திலிருந்து வந்த குவெண்டலின் புரூக்ஸ் 1950இல் புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். பட்டறைத் தோழர் எட்வர்ட் பிளாண்ட் 1945இல் ஜெர்மனியில் போரில் மாண்டார். பரிசு பெற்ற 'ஆனி ஆலன்' நூலில் புரூக்ஸ் அவருக்கு நினைவஞ்சலி எழுதினார்.

போர் வந்தது; அரசுப் பணம் நின்றது. நியூயார்க்கில் சிற்பி அகஸ்டா சாவேஜ் முதல் இயக்குநராக இருந்து வளர்த்த ஹார்லெம் கலைக்கூடம் மூடப்பட்டது. சிகாகோ கூடமும் தத்தளித்தது, ஆனால் மூடிப் பூட்டி வெளியேற்ற அங்கே யாருக்கும் உரிமையில்லை. வீடு மக்களுடையது. இன்றும் அதே வீட்டில்தான் அது இயங்குகிறது.

நம் குடியிருப்புகளிலும் படிப்பகங்களும் இரவுப் பாடசாலைகளும் எழுகின்றன. நிதி நின்றதும் பல மறைகின்றன. பிள்ளைகள் வரைந்த தாள்களும் அவற்றோடு போய்விடுகின்றன. கவிதை பேசவும் பிள்ளைகள் வரையவும் இடம் கேட்பதோடு நாம் நிற்கக் கூடாது. அந்த இடத்தின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். நம் பெயரில் இல்லையென்றால், உண்டியல் ஏந்தும் வேலையை இன்றே தொடங்க வேண்டும்.