ஸ்டோரில் தொலைந்த சாறு
(அத்தியாயம் 7)

2003, தென் கொரியா. எச்.பி.வி வைரஸால் கருப்பை வாயில் கோளாறு கண்ட 51 பெண்களுக்குப் பச்சைத் தேயிலைச் சாற்றைச் சிலருக்குக் களிம்பாகவும் சிலருக்குக் குளிகையாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். 35 பேருக்குக் குணம் தெரிந்தது. மருந்தே கொடுக்காத 39 பேரில் நால்வருக்குத்தான். அப்படியானால் தலவாக்கலையிலும் ஹட்டனிலும் கொழுந்துக் கூடை சுமக்கிற பெண்கள் விரல் நுனியில் மருந்தை வைத்துக்கொண்டா நிற்கிறார்கள்? சென்ற வாரம் இந்தக் கேள்வியோடு நிறுத்தியிருந்தோம். பதிலுக்கு முன் எண்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

1923 செப்டம்பர் 1. டோக்கியோவை நிலநடுக்கம் புரட்டிப் போட்டது. அழிந்தவற்றில் மிச்சியோ சுஜிமுரா வேலை செய்த ஆய்வுகூடமும் ஒன்று. பெண் என்பதால் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர வழியில்லாமல், சம்பளமில்லாத உதவியாளராக ஆராய்ச்சிக்குள் நுழைந்தவர் அவர். அடுத்த மாதமே ரிக்கென் நிறுவனத்தில் உமெதாரோ சுசுகியின் கூடத்துக்குப் போனார். பச்சைத் தேயிலையைக் கையிலெடுத்தார். 1929இல் அதிலிருந்து கட்டெச்சினைப் பிரித்தார். தேயிலைக்குத் துவர்ப்பைத் தரும் ஃபிளேவனோயிட் அது. கொரியாவில் கொடுத்த சாறும் அந்தக் குடும்பத்துச் சரக்குதான். 1932இல் யப்பானில் விவசாயத்துறைக் கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் பெண்ணானார்.

அதே காலத்தில், 1925இல், இலங்கையிலும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் உருவானது. இன்று அது தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. ஆனால் நம் மலையில் விளைந்தது கறுப்புத் தேயிலைக்கு. இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகப் பறித்தது தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோருக்குள் போனதும் வாட்டப்படும், உருட்டப்படும், புளிக்க விடப்படும். அப்போது கட்டெச்சினில் பெரும்பகுதி ஒட்சிசனோடு சேர்ந்து வேறு பொருளாக மாறிவிடும். லயத்தில் நாம் குடிக்கும் தேத்தண்ணியின் செந்நிறம் அந்த மாற்றத்தின் நிறம். பறித்தவள் கைக்கு எட்டியது அவள் கோப்பைக்கு எட்டவில்லை!

பச்சைத் தேயிலையை நேரே ஆவியில் காட்டியோ சட்டியில் வறுத்தோ இந்த மாற்றத்தை நிறுத்திவிடுவார்கள். அதன் சாற்றில் செய்த களிம்புக்கு 2006 ஒக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. பெயர் வெரெஜன். தாவரச் சாறு என்ற வகையில் அங்கே மருத்துவர் சீட்டுக்கு வந்த முதல் மருந்து அதுதான். ஆனால் அது பிறப்புறுப்பின் வெளித்தோலிலும் மலவாயைச் சுற்றியும் வரும் மருக்களுக்கு மட்டும். கருப்பை வாயில் போடக்கூடாது. மருவைக் கொண்டுவருவது பெரும்பாலும் எச்.பி.வி 6, 11. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணமான 16, 18 வேறு ஆட்கள்.

உள்ளே? அதற்குத்தான் அமெரிக்காவில் 98 பெண்களைக் கொண்டு ஒரு சோதனை வைத்தார்கள். ஆபத்தான வகை வைரஸ் விடாமல் தங்கி, கருப்பை வாயில் ஆரம்ப மாற்றம் கண்டவர்கள். யாருக்குச் சாறு, யாருக்கு வெறுங்குளிகை என்று கொடுத்தவருக்கும் தெரியாது, விழுங்கியவருக்கும் தெரியாது. கொரியாவில் இல்லாத கட்டுப்பாடு இது. நான்கு மாதம் கழித்து ரகசியத்தைத் திறந்தார்கள். சாறு விழுங்கியவர்களில் குணம் கண்டவர்கள் 17.1 வீதம். வெறுங்குளிகைக்காரர்களில் 14.6 வீதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. 2014இல் முடிவு அச்சாகி வந்தது.

நேரே பூசுகிற களிம்பின் கதவு இன்னும் முழுதாக மூடவில்லை. விழுங்குகிற சாறு தோற்றுவிட்டது என்பதே என் தீர்ப்பு. இதைச் சொல்லிப் பச்சைத் தேயிலைப் பொடி விற்க வருகிறவரை லயத்து வாசலிலேயே திருப்பி அனுப்பலாம்.

இலங்கையில் 2017இல் இன்னொரு வழி திறந்தது. ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே எச்.பி.வி தடுப்பூசி. மகள் கையை நீட்டினாள். அவளைப் பெற்றவளுக்கு? ஊசி போடும் வயது அவளுக்குத் தாண்டிவிட்டது. 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதில் கருப்பை வாய்க்கான பாப் பரிசோதனை செய்யலாம். ஆனால் ஒரு காலை கிளினிக்கில் போனால் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போய்விடுமே! பெரட்டுக்களத்தில் கூடையோடு நிற்கும் அவள் எந்தப் பாதையில் திரும்பினாள்? அடுத்த வாரம் பார்ப்போம்.

35 ஆனவர்கள் மட்டும் அடுத்த வாரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். கிளினிக் எந்த நாளில் என்று உங்கள் தோட்டத்து மருத்துவ மாதுவிடம் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

(தொடரும்)