மீன் தொட்டியும் தரை வாட்டமும்

கொத்தனார் பாஷையில் 'வாட்டம்' என்றால் சோகம் இல்லை. தண்ணீர் ஓடுவதற்காகத் தரையில் விடுகிற சரிவு. நெய்வேலியில் நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸ் வராண்டாவுக்கு நல்ல வாட்டம். வாளித் தண்ணீரைக் கொட்டிக் கழுவினால் ஒரு சொட்டு தேங்காது. வாசல் பக்க மூலையைப் பார்த்து ஓடிவிடும். கட்டியவர் செய்தது சரி. அந்த வராண்டாவில் நாலடி மீன் தொட்டியைக் கொண்டுபோய் வைத்தவன் செய்ததுதான் தப்பு. அந்த ஆள் நான்தான்.

இதில் வெட்கம் என்னவென்றால், சுரங்கத்தில் என் வேலையே லெவல் எடுப்பது. பகலெல்லாம் கருவியை முக்காலியில் நிறுத்தி, தூரத்தில் பிடித்த அளவுகோலைப் படித்து, மில்லிமீட்டர் சுத்தமாக எழுதிவருவேன். வீட்டில் கண் பார்வையே போதும் என்று விட்டுவிட்டேன். ஸ்டாண்டின் ஒரு கால் தரையைத் தொடவில்லை. தொட்டியும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அட்டையை நாலாக மடித்துக் கண்ணாடிக்கு அடியில் தாழ்ந்த மூலையில் சொருகினேன். பதினோராம் நாள் ராத்திரி அந்த மூலையில் ஒட்டு விட்டது. மீன்களை வாளியில் பிடித்துக் காப்பாற்றினோம். ஐந்தாம் வகுப்பு படித்த மகள் தூக்கக் கலக்கத்தோடு நின்று கேட்டாள்: "அப்பா, நீங்க லெவல் எடுக்கிறவர்தானே?"

கணக்கைப் பிறகுதான் போட்டுப் பார்த்தேன். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம்: 9 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டருக்குச் சற்று மேல். ஆக 250 லிட்டர். அதாவது தண்ணீர் மட்டும் கால் டன். கண்ணாடியும் மணலும் தனி. சாய்வு மட்டும் இருந்தால் தாழ்ந்த பக்கத்தில் தண்ணீர் அரை அங்குலம் கூடுதலாக நிற்கும். அழுத்தம் கொஞ்சம்தான் ஏறும். தொட்டியை உடைப்பது முறுக்கு. நாலு மூலையில் ஒன்று மட்டும் தூக்கியோ தொங்கியோ இருந்தால் அடிக் கண்ணாடி வளையப் பார்க்கும். கண்ணாடிக்கு வளையத் தெரியாது. ஒட்டு விடும், இல்லையென்றால் விரியும்.

இந்தத் தொல்லை தொட்டி பிறந்த நாளிலிருந்தே உண்டு. லண்டன் மிருகக்காட்சி சாலையில் 1853-இல் மீன்களுக்கென்று ஒரு கூடம் திறந்தார்கள். அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் என்பவர் எழுதிய புத்தகத்தால் 'அக்வேரியம்' என்ற பெயர் பரவியது. அப்போதெல்லாம் இரும்புச் சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்திப் புட்டி வைத்து அடைப்பார்கள். சட்டம் முறுக்கினால் புட்டி விட்டுப்போகும். நம் ஊரில் மெரினா கடற்கரையில் 1909-இல் மீன் காட்சி சாலை திறக்கப்பட்டது. அதற்குத் திட்டம் போட்டவர் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. சிலிக்கான் பசை வந்த பிறகு, சட்டமே இல்லாத முழுக் கண்ணாடித் தொட்டி வீடுகளுக்கு வந்தது. பார்க்க அழகு. ஆனால் முறுக்கைத் தாங்கிக்கொள்ள இரும்பு இல்லாததால், பாரம் முழுக்கத் தரையின் யோக்கியதையை நம்பி நிற்கிறது.

இரண்டாவது தொட்டி வைக்கும்போது தெரிந்த மேஸ்திரி ஒருவரைக் கூப்பிட்டேன். ரசமட்டம் எடுத்து வருவார் என்று நினைத்தேன். அவர் கொண்டுவந்தது பத்தடி டியூப். உள்ளே பாதிக்கு மேல் தண்ணீர் நிரப்பி, குமிழி இல்லாமல் தட்டிவிட்டு, ஒரு முனையை என் கையில் கொடுத்தார். "ரசமட்டம் ரெண்டடிதான் பேசும் சார். டியூப்பு வீட்டுக்கே பேசும்" என்றார். இந்த முனையில் தண்ணீர் நிற்கிற உயரமும் அந்த முனையில் நிற்கிற உயரமும் ஒன்றுதான். நடுவில் சுவரோ மூலையோ வந்தாலும் கவலை இல்லை. ரசமட்டத்தைப் பிரான்சில் தெவெனோ என்பவர் 1661 வாக்கில் செய்தார் என்பார்கள். டியூப் தத்துவம் அதைவிட ரொம்பப் பழசு.

எது தாழ்வு என்று தெரிந்ததும் நான் மறுபடி அட்டையைத் தேடினேன். மேஸ்திரி தடுத்துவிட்டார். கண்ணாடிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் எதையும் சொருகக் கூடாது. தரைக்கும் ஸ்டாண்டின் காலுக்கும் நடுவில்தான் கட்டையைச் செதுக்கி வைக்க வேண்டும். ஆப்பு வைப்பதானாலும் இடம் பார்த்து வைக்க வேண்டும்! தொட்டிக்குக் கீழே விரித்த தெர்மாகோல் சின்ன மேடு பள்ளத்தைத்தான் சமாளிக்கும், வாட்டத்தைச் சரிசெய்யாது.

மெரினாவில் மீன் சாலை திறந்த அதே 1909-இல் இன்னொரு பெரிய மட்ட வேலையும் முடிந்தது. 1858-இல் தொடங்கி இந்தியா முழுக்க சர்வே துறை எடுத்த லெவல்களை எல்லாம் ஒரே கணக்கில் இணைத்தார்கள். சென்னை, நாகப்பட்டினம் உட்பட ஒன்பது துறைமுகங்களில் அளந்த சராசரிக் கடல் மட்டம்தான் அதற்கு அடிப்படை. ஒன்பது இடத்திலும் கடல் ஒரே மட்டம் என்று வைத்துக்கொண்டார்கள். உண்மையில் நீரோட்டம், காற்று, உப்பு, வெப்பம் இவற்றால் கடலிலும் இடத்துக்கு இடம் சிறு வித்தியாசம் உண்டு. கடலுக்கே வாட்டம் என்றால் என் வராண்டா எம்மாத்திரம்!

நான் சுரங்கத்தில் எழுதிய ஒவ்வொரு எண்ணும் கடல் மட்டத்தை வைத்துத்தான். அங்கே இன்னொரு மட்டமும் உண்டு, கண்ணுக்குத் தெரியாதது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு போட்டபோது கறுப்பாக ஏதோ தண்ணீரோடு வந்தது. அதிலிருந்துதான் பழுப்பு நிலக்கரியின் கதை தொடங்குகிறது. 1956-இல் நிறுவனம் உருவானது. 1957 மே 20-இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில்தான் நிலக்கரி கண்ணில் பட்டது. மேலே இருந்த கடினமான மண்ணும் மணற்பாறையும் ஒரு காரணம் என்றால், கீழே இருந்த தண்ணீர் இன்னொரு காரணம்.

நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஊற்று நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கித் தள்ளுகிறது. 60 முதல் 80 மீட்டர் உயரத் தண்ணீரின் பலம் அது. மேல் மண்ணை அப்படியே எடுத்துவிட்டால் சுரங்கத்தின் தரை பிளந்து வெள்ளம் புகும். என் தொட்டியில் தண்ணீர் கீழ்நோக்கி அழுத்தியது. இங்கே மேல்நோக்கி அழுத்துகிறது. அதனால் சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறு போட்டு, இரவு பகலாக இறைத்து, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் மின் நிலையத்துக்கும் போனது, எங்கள் வீட்டுக் குழாய்க்கும் வந்தது. மீன் தொட்டியில் நிரப்பியதும் அதுதான்.

ஆனால் தண்ணீருக்கு வேலி கிடையாது. ஒரு முனையில் இறக்கினால் மறுமுனையும் இறங்கும் என்பதுதான் மேஸ்திரியின் டியூப் சொல்லும் பாடம். ஒரு காலத்தில் தானாகப் பொங்கி வழிந்த ஊற்றுக் கிணறுகள் இந்த வட்டாரத்தில் அடங்கிப்போயின. விவசாயிகள் இன்னும் ஆழத்துக்கு போர் போட்டு மோட்டார் இறக்க வேண்டி வந்தது. அந்த ஊருக்கு விளக்கு எரிந்ததும் உண்மை, இதுவும் உண்மை. அந்தச் சம்பளத்தில் வாழ்ந்தவன் இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

இப்போது தொட்டி வைப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவே. ஸ்டாண்டை முதலில் மட்டம் செய்யுங்கள். நாலு காலும் தரையில் உட்கார்ந்திருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். தொட்டியில் பாதி நிரப்பி, நாலு மூலையிலும் விளிம்பிலிருந்து தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள். ஒரு நாள் விட்டு மறுபடி அளங்கள். எண் மாறவில்லை என்றால் மீதியை ஊற்றலாம். மாறியிருந்தால் தண்ணீரை எடுத்துவிட்டுக் காலுக்குக் கீழே பாருங்கள்.

இரண்டாவது தொட்டிக்கு அந்த எட்டு எண்களையும் நோட்டில் எழுதியவள் என் மகள்தான். நான் படிக்கப் படிக்க எழுதிவிட்டு, ஸ்கேலை வாங்கித் தானும் ஒருமுறை அளந்து பார்த்தாள். அதற்குப் பிறகுதான் மீன்களைத் தொட்டியில் விட்டாள்.